எந்த ஊர்க் கரி? எவ்வளவு கந்தகம்?

(அனல் மின் நிலையத் தொழிலாளர்களின் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



போன வகுப்பு முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, கோல் பிளாண்டில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளித் தோழர் ஒருவர் நம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். "தோழர், ஒரு மாசம் வர்ற கரியில தொண்டை கமறுது, கண்ணு எரியுது. இன்னொரு மாசம் வர்ற கரியில அவ்வளவு இல்லை. கரி எல்லாம் கரிதானே, இதுல என்ன வித்தியாசம்?" என்றார். பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அடுத்த வகுப்பில் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஏறினோம். இன்றைக்குப் பேசப் போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

நாம் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள். ரசாயனம் என்றால் அந்த நாளில் நமக்கு நடுக்கம். ஆனால் இந்தக் கேள்விக்கு வேண்டிய ரசாயனம் ஒரு தராசுக் கணக்குக்கு மேல் இல்லை. கரிக்குள் கந்தகம் இருக்கிறது. அது எரியும்போது ஒரு கந்தக அணு இரண்டு பிராணவாயு அணுக்களைச் சேர்த்துக்கொண்டு, கந்தக டையாக்சைடு என்ற வாயுவாகப் புகைபோக்கி வழியே மேலே போகிறது. கந்தக அணுவின் எடை 32. இரண்டு பிராணவாயு அணுக்களின் எடையும் 32. ஆகவே ஒரு டன் கந்தகம் எரிந்தால் இரண்டு டன் வாயு. இந்த இரட்டிப்புக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

மேலே போன வாயு அங்கேயே நின்றுவிடுவதில்லை. காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. சல்பேட் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகிறது. நூற்றுக்கணக்கான மைல் பறக்கிறது. மழையோடு இறங்கினால் ஏரியும் காடும் கெடுகின்றன. மூச்சோடு இறங்கினால் நுரையீரலும் இருதயமும் கெடுகின்றன.

சரி, கரிக்குள் கந்தகம் எப்படி வந்தது? கரி என்பது பழைய காலத்துச் சதுப்புக் காடு. மரமும் செடியும் விழுந்து, மட்கி, மண் மூடி, கோடிக்கணக்கான வருஷம் அழுந்திக் கரியாயிற்று. அந்தச் சதுப்பின் மேல் வந்து நின்றது கடல் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் கந்தகம் கூடுகிறது, குறைகிறது. கடல் தண்ணீரில் சல்பேட் உப்பு ஏராளம். சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவாக மாற்றும். அந்த வாயு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து, பொன் போல மினுக்கும் பைரைட் என்ற கல்லாகக் கரிக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஆற்றுத் தண்ணீரில் இந்த உப்பு சொற்பம். ஆகவே ஆற்றுச் சதுப்பில் பிறந்த கரியில் கந்தகமும் சொற்பம்.

இந்த வித்தியாசம் ஜனங்களின் வாழ்க்கையில் என்ன செய்தது என்று பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவைப் பார்ப்பது நல்லது. ஏன் அமெரிக்கா என்று கேட்பீர்கள். ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், இரண்டு விதமான கரி அங்கே ஐம்பது வருஷமாக மல்லுக்கட்டியிருக்கிறது. அந்த மல்லுக்கட்டில் யார் வாழ்ந்தார், யார் வீழ்ந்தார் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது.

முதல் கரி, நாட்டின் நடுப்பகுதியில் உள்ள இல்லினாய் மாநிலத்துக் கரி. இண்டியானாவிலும் மேற்குக் கென்டக்கியிலும் இதே படுகைதான். சுமார் 30 கோடி வருஷத்துக்கு முந்திய சதுப்பு. கடல் திரும்பத் திரும்ப ஏறி வந்து மூடிய இடம். அதனால் கந்தகம் அதிகம். 3 சதவிகிதம் என்பது அங்கே சாதாரணம். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அதே மாநிலத்தின் தெற்கில் பிராங்ளின், வில்லியம்சன் வட்டாரங்களில் அதே கரிப் படலம் கந்தகம் குறைவாகக் கிடைக்கிறது. காரணம், அங்கே கடல் ஏறுவதற்கு முன்னால் பக்கத்து ஆறு உடைத்துக்கொண்டு வந்து வண்டலைக் கனமாகக் கொட்டிவிட்டது. அந்த வண்டல் போர்வையைத் தாண்டிக் கடல் உப்பு இறங்க முடியவில்லை. 30 கோடி வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆறு கரை உடைத்தது, இன்றைக்கு ஒரு சுரங்கத்தின் விலையைத் தீர்மானிக்கிறது!

இரண்டாவது கரி, மேற்கே வயோமிங் மாநிலத்தில் பவுடர் ஆற்றுப் படுகைக் கரி. வயதில் இளையது, 6 கோடி வருஷத்துக்குள். ஆற்றுச் சதுப்பில் உண்டானது. கந்தகம் அரை சதவிகிதத்துக்கும் கீழே. படலத்தின் கனமோ 20 மீட்டர், சில இடங்களில் 30 மீட்டர். பூமிக்கு அடியில் இறங்க வேண்டியதில்லை. மேல் மண்ணை வழித்துத் தள்ளிவிட்டு ராட்சத யந்திரங்களால் வாரி ரயிலில் கொட்ட வேண்டியதுதான். 2010 வாக்கில் இந்தப் படுகையில் ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் வெட்டிய கரி சுமார் 30 டன். இல்லினாயில் அதே ஒரு மணி நேரத்துக்கு 4, 5 டன்தான். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

இனி நடந்த கதைக்கு வருவோம்.

முதலில் ஒரு விஷயம். புகையைக் கழுவிக் கந்தகத்தைப் பிடித்து நிறுத்தும் முறை, உங்கள் பிளாண்டில் எஃப்.ஜி.டி. என்று சொல்கிறீர்களே, அது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த அதிசயம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படியல்ல. லண்டனில் பாட்டர்ஸீ மின் நிலையம் 1933-ல் ஓடத் தொடங்கியபோதே தேம்ஸ் நதித் தண்ணீரால் புகையைக் கழுவிற்று. குறைகள் இருந்தன; கழுவிய புகை குளிர்ந்து ஊருக்குள்ளேயே தாழ இறங்கியது. ஆனாலும் வித்தை தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் என்ன? வீட்டு அடுப்புகளும் மற்ற நிலையங்களும் கக்கிய புகையில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மூச்சுத் திணறியது. 4,000 பேர் இறந்ததாக அன்று சர்க்கார் கணக்குச் சொன்னது. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் 12,000 வரை இருக்கும் என்றார்கள். அதன் பிறகுதான், 1956-ல், பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சுத்தக் காற்றுச் சட்டம் போட்டது.

அமெரிக்காவில் 1970-ல் சுத்தக் காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1971-ல் விதி வந்தது: புதிதாகக் கட்டும் கரி மின் நிலையம், 10 லட்சம் பி.டி.யு. வெப்பத்துக்கு 1.2 பவுண்டுக்கு மேல் கந்தக டையாக்சைடு விடக் கூடாது. இந்த 1.2 என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நிலையங்களுக்கு இந்த விதி இல்லை. ‘அவை இன்னும் சில வருஷத்தில் மூடப் போகிறவைதானே’ என்று விட்டார்கள். மூடினார்களா? விதியிலிருந்து தப்பிய நிலையத்தை எந்த முதலாளி மூடுவான்? பழுது பார்த்துப் பழுது பார்த்து, இன்னும் முப்பது வருஷம் ஓட்டினார்கள்.

பக்கத்து ஊரில் புகை அதிகம் என்று புகார் வந்தால் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். புகைபோக்கியை உயர்த்தினார்கள். பென்சில்வேனியாவில் ஹோமர் சிட்டி நிலையத்தில் 1977-ல் எழுந்த புகைபோக்கியின் உயரம் 371 மீட்டர். பக்கத்து ஊரின் காற்று மானி நல்ல எண் காட்டிற்று. ஆனால் கந்தகம் எங்கே போயிற்று? கிழக்குக் காற்றாடித் திசையில் மிதந்து போய் நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் மலை ஏரிகளில் அமில மழையாக விழுந்தது. மீன்கள் அற்றுப் போயின. நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் என்ற காட்டில் 1963 முதலே விஞ்ஞானிகள் மழைத் தண்ணீரைப் பிடித்துச் சோதித்து வந்தார்கள். ஆலை எதுவும் இல்லாத அந்தக் காட்டில் விழுந்த மழை புளித்திருந்தது. உயரத்தைக் கூட்டியதால் ஒரு டன் கந்தகம்கூடக் குறையவில்லை. தன் வாசல் குப்பையை அடுத்தவன் வாசலுக்குத் தள்ளியதுபோல ஆயிற்று.

1971 விதியை நிறைவேற்ற இரண்டு வழி இருந்தது. புகையைக் கழுவலாம், அல்லது கந்தகம் குறைந்த கரியை வாங்கலாம். மின் கம்பெனிகள் வயோமிங் பக்கம் திரும்பத் தொடங்கின. இல்லினாய், ஓஹியோ, மேற்கு வர்ஜீனியாச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வயிறு கலங்கியது. சுரங்கத் தொழிலாளர் சங்கம் வாஷிங்டனில் போராடிற்று. 1977-ல் சட்டம் திருத்தப்பட்டு, 1979-ல் புது விதி வந்தது: புதிய நிலையம் எதுவானாலும், எந்த ஊர்க் கரியை எரித்தாலும், புகையில் வரும் கந்தகத்தில் 90 சதவிகிதம் வரை பிடிக்க வேண்டும். கந்தகம் குறைந்த கரி என்றாலும் 70 சதவிகிதமாவது பிடித்தாக வேண்டும்.

இந்த விதியைப் பொருளாதாரப் பண்டிதர்கள் பலர் கேலி செய்தார்கள். ‘சுத்தமான கரியை எதற்குக் கழுவ வேண்டும்? இது கிழக்குக் கரி முதலாளிகளும் சங்கமும் சேர்ந்து செய்த தந்திரம்’ என்று புத்தகமே எழுதினார்கள். கிழக்குக் கரி முதலாளிகளின் சுயநலம் அதில் இருந்தது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே விதியில், உள்ளூர்ச் சுரங்கமும் மூடப்படாமல், ஊர்க் காற்றும் கெடாமல் இருக்க ஒரு வழியும் இருந்தது. அதன் பெரிய குறை வேறு: அது புதிய நிலையங்களுக்கு மட்டும்தான். நாட்டின் கந்தகத்தில் பெரும் பகுதியைக் கக்கியவை பழைய நிலையங்கள். அவற்றை அது தொடவில்லை.

இதற்கிடையே ரயில் பாதை வேலை செய்தது. 1979-ல் வயோமிங் சுரங்கங்களுக்குப் புதுப் பாதை போட்டு முடித்தார்கள். 1980-ல் ரயில் கட்டணக் கட்டுப்பாட்டைச் சர்க்கார் தளர்த்தியது. 1984-ல் இரண்டாவது ரயில் கம்பெனியும் அந்தப் படுகைக்குள் நுழைந்தது. போட்டி மூண்டது, கட்டணம் சரிந்தது. நூறு வேகனுக்கு மேல் கோத்த ரயில் ஒன்று பதினாயிரம் டன் கரியோடு ஆயிரம் மைல் ஓடி வந்து, இல்லினாய்ச் சுரங்கத்தின் வாசலிலேயே மலிவாகக் கொட்டிற்று. 1988-ல் நாட்டிலேயே அதிகம் கரி எடுக்கும் மாநிலம் என்ற பெயரை வயோமிங் எடுத்துக்கொண்டது.

1990-ல் பழைய நிலையங்களையும் தொடும் சட்டம் வந்தது. 1980 அளவிலிருந்து ஒரு கோடி டன் கந்தக டையாக்சைடைக் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. 1995-ல் முதலில் 110 பெரிய நிலையங்கள், 2000-ல் மற்றவையும். எப்படிக் குறைப்பது என்பதைக் கம்பெனிகளுக்கே விட்டார்கள். ஒரு டன் வாயு விட ஒரு சீட்டு. சீட்டு மிஞ்சியவன் விற்கலாம், போதாதவன் வாங்கலாம். சிகாகோ தானியச் சந்தையில், கோதுமையும் சோளமும் ஏலம் போகும் இடத்தில், 1993 முதல் புகையும் ஏலம் போயிற்று!

இந்தச் சட்டம் செனட் சபைக்கு வந்தபோது நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். மேற்கு வர்ஜீனியா செனட்டர் ராபர்ட் பைர்ட், இந்தச் சட்டத்தால் வேலை இழக்கும் சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தையும் சலுகைகளையும் ஒட்டி நஷ்டஈடு தர வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டு வந்தார். 1990 மார்ச் மாதம் ஓட்டெடுப்பு. ஆதரவு 49. எதிர்ப்பு 50. ஒரே ஓட்டில் தோற்றது! காற்றைச் சுத்தம் செய்ய நாடே தீர்மானித்தது. அதற்காகத் தன் சோற்றைக் கொடுக்கப் போகிறவனுக்கு என்ன பதில் என்ற கேள்வி ஒரு ஓட்டில் தோற்றது. மறு பயிற்சி தருகிறோம் என்று பிறகு சட்டத்தில் ஏதோ சேர்த்தார்கள். ஐம்பது வயதில் முதுகு வளைந்தவனுக்கு என்ன மறு பயிற்சி?

முதல் கட்டத்தில் கம்பெனிகள் என்ன செய்தன? பாதிக்கு மேற்பட்ட யூனிட்டுகள் கரியை மாற்றின, அல்லது நல்ல கரியைக் கலந்து எரித்தன. கழுவும் யந்திரம் வைத்தவை 27 யூனிட்டுகள்தான். இரண்டுமாகச் சேர்ந்து புகை குறைந்தது என்பது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. அமெரிக்க மின் நிலையங்கள் விட்ட கந்தக டையாக்சைடு 1980-ல் 1 கோடி 73 லட்சம் டன். 2000-ல் 1 கோடி 12 லட்சம். 2010-ல் சுமார் 51 லட்சம். 2020-ல் 10 லட்சத்துக்கும் கீழே. இந்தக் கடைசி இறக்கத்தில் எரிவாயு கரியின் இடத்தைப் பிடித்ததற்கும் பங்கு உண்டு.

இதனால் பிழைத்த உயிர்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஹார்வார்ட் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் ஆறு ஊர்களில் எண்ணாயிரம் பேரைப் பதினைந்து வருஷம் வரை கவனித்து 1993-ல் கணக்கு வெளியிட்டார்கள். மிக அழுக்கான காற்று ஓஹியோவில் ஸ்டூபன்வில் என்ற ஊரில். எஃகு ஆலையும் கரி மின் நிலையமும் சூழ்ந்த இடம். மிகச் சுத்தமான ஊரோடு ஒப்பிட்டால் அங்கே மரண விகிதம் 26 சதவிகிதம் அதிகம். புகை பிடிப்பது, வயது, வேலை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகு இந்த எண். நுண்துகளும் சல்பேட்டும் எவ்வளவோ, மரணமும் அவ்வளவு.

இல்லினாயில் என்ன ஆயிற்று? 1990-ல் அங்கே கரி உற்பத்தி சுமார் 6 கோடி டன். சுரங்கத்தில் சுமார் 10,000 பேர். 2003-க்குள் உற்பத்தி பாதி ஆயிற்று. ஆட்கள் 4,000-க்கும் கீழே போனார்கள். யந்திரங்கள் ஆட்களைக் குறைத்து வந்தது முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் ஒரு சட்டத்தின் மேல் போடுவது நியாயமாகாது. மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் மாநிலக் கரியைத்தான் எரிக்க வேண்டும் என்று சட்டம் போட்டுப் பார்த்தன. ஓக்லஹாமா மாநிலம் 10 சதவிகிதம் உள்ளூர்க் கரி என்றது. வயோமிங் வழக்குப் போட்டது. 1992-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தை ரத்துச் செய்தது. இல்லினாய்ச் சட்டமும் 1995-ல் கோர்ட்டில் விழுந்தது.

பிறகு சக்கரம் திரும்பியது. 2005-க்குப் பிறகு வந்த விதிகளும், 2015-ல் அமலுக்கு வந்த பாதரச விதியும் சேர்ந்து, ஓட நினைத்த பல நிலையங்களைப் புகை கழுவும் யந்திரம் வைக்கச் செய்தன. யந்திரம் வந்த பிறகு கரியில் கந்தகம் 3 சதவிகிதமா, அரை சதவிகிதமா என்பது பெரிய பொருட்டில்லை. மலிவாகக் கிடைத்த இல்லினாய்க் கரிக்கு மறுபடி கிராக்கி வந்தது. 2014-ல் உற்பத்தி ஏறக்குறைய பழைய 6 கோடிக்கு வந்தது. ஆனால் மூடிய சுரங்கத்தின் பழைய தொழிலாளி திரும்பி வந்தானா? வரவில்லை. நீள்சுவர் வெட்டும் யந்திரம் வைத்த புதுச் சுரங்கங்கள் வந்தன. ஆள் எண்ணிக்கை அந்த அளவுக்கு ஏறவில்லை. 1990-லேயே யந்திரம் வைத்திருந்தால் அந்தப் பதினைந்து வருஷ அவதி எவ்வளவோ குறைந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நம் கரி எந்த மண்?

ராணிகஞ்ச், ஜாரியா, தால்சேர், சிங்கரேணி எல்லாம் கோண்டுவானாக் கரி. ஆற்றுச் சதுப்பில் பிறந்தது. கந்தகம் பொதுவாக அரை சதவிகிதத்தை ஒட்டி, அல்லது அதற்கும் கீழே. அஸ்ஸாமில் மாக்கும் வயல் வேறு ஜாதி. வயதில் இளையது, கடலோரச் சதுப்பு, கந்தகம் பல மடங்கு. ஆனால் அது நாட்டின் மொத்தத்தில் மிகச் சிறு பங்கு. நம் தமிழ்நாட்டு நிலையங்களுக்குத் தால்சேர்க் கரி பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் வருகிறது. இந்தோனேசியக் கரியும் வருகிறது. நெய்வேலியில் லிக்னைட், அதில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்.

2015 டிசம்பரில் மத்திய சர்க்கார் ஒரு விதி போட்டது. அனல் மின் நிலையங்கள் கந்தக டையாக்சைடைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டு வருஷ அவகாசம். 2017 போயிற்று. தேதியை நீட்டினார்கள். மறுபடி நீட்டினார்கள். கடைசியில் 2025 ஜூலையில் புது உத்தரவு வந்தது: சுமார் 78 சதவிகித நிலையங்களுக்கு இந்த எல்லையிலிருந்து விலக்கு! டில்லி வட்டாரத்துக்கும் பத்து லட்சம் ஜனத்தொகையுள்ள நகரங்களுக்கும் பக்கத்தில் உள்ளவற்றுக்குத்தான் கட்டாயம். விலக்குப் பெற்றவை புகைபோக்கி உயர விதியை நிறைவேற்றினால் போதும். ஹோமர் சிட்டிக் கதை ஞாபகம் வருகிறதா?

விலக்குக்குச் சொன்ன முக்கியக் காரணம் என்ன? ‘நம் கரியில் கந்தகம் குறைவு.’

பொய்யா என்றால் பொய் இல்லை. ஆனால் பாதிக் கணக்கு. மீதிக் கணக்கை இந்தப் பலகையில் போடுவோம். நம் கரியில் சாம்பல் 40 சதவிகிதம் வரை. வெப்பம் கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோகலோரி. இல்லினாய்க் கரி 6,000-க்கு மேல், வயோமிங் 4,700. வெப்பம் குறைந்தால் அதே மின்சாரத்துக்கு அதிகக் கரி எரிக்க வேண்டும். 500 மெகாவாட் யூனிட் ஒன்று முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 1 கோடி 20 லட்சம் யூனிட் மின்சாரம். நம் கரி என்றால் அதற்குச் சுமார் 8,000 டன் வேண்டும். கந்தகம் அரை சதவிகிதம் என்று வைத்தால் 40 டன். இரட்டிப்புக் கணக்குப்படி 80 டன் வாயு. கொஞ்சம் சாம்பலில் நின்றாலும் பெரும்பகுதி மேலேதான் போகும். அதே மின்சாரத்துக்கு வயோமிங் கரி சுமார் 6,000 டன் போதும், 0.35 சதவிகிதக் கந்தகத்தில் 42 டன் வாயு. ‘எங்களுடையதும் கந்தகம் குறைந்த கரி’ என்று இருவரும் சொல்லலாம். ஆனால் ஒருவருடைய புகை மற்றவருடையதைப் போல் இரண்டு மடங்கு.

1.2 என்ற எண்ணைக் குறிக்கச் சொன்னோம் அல்லவா? நம் கரியை அந்த அமெரிக்க அளவில் போட்டுப் பாருங்கள். அரை சதவிகிதம், 3,500 கிலோகலோரி என்றால் 1.6 வருகிறது. கந்தகத்தை 0.4 ஆக இறக்கினாலும் 1.27. அதாவது, 1971-ல் அமெரிக்கா தன் புதிய நிலையத்துக்கு வைத்த வரம்பைக் கழுவாமல் தாண்ட நம்முடைய ‘குறைந்த’ கந்தகக் கரிக்கே கஷ்டம். 1979-ல் வயோமிங் கரியைக்கூட 70 சதவிகிதம் கழுவு என்றார்கள். நமக்கு மட்டும் அரை நூற்றாண்டு கழித்து, கரி நல்ல கரி என்று விடுதலைப் பத்திரமா?

அதோடு, ஒரு டன்னில் எவ்வளவு என்பது மட்டுமா விஷயம்? எத்தனை டன் எரிக்கிறோம் என்பதும் அல்லவா? 2017-ல் செயற்கைக் கோள் அளவைகளைக் கொண்டு வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, 2007 முதல் சீனாவின் கந்தக டையாக்சைடு 75 சதவிகிதம் குறைந்ததாகவும் இந்தியாவினுடையது 50 சதவிகிதம் உயர்ந்ததாகவும் கண்டது. சீனாவின் தென்மேற்கில் குய்சோ, சிச்சுவான் பக்கத்துக் கரியில் கந்தகம் நம்முடையதைவிடப் பல மடங்கு. கரி கெட்டது, ஆனால் யந்திரம் வைத்துக் கழுவினார்கள். நம்மிடம் கரி நல்லது, கழுவவில்லை.

எதிர்த்தரப்பு நியாயங்களையும் பார்க்க வேண்டும். யந்திரத்துக்கு நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் ஆகும், தண்ணீர் வேண்டும், சுண்ணாம்புக்கல் வேண்டும், நிலையத்தின் மின்சாரத்திலேயே ஒரு பங்கை அது தின்னும். உண்மை. தண்ணீர் இல்லாத இடத்தில் இது சின்னப் பிரச்னை அல்ல. கடலோர நிலையங்களில் கடல் நீரைக் கொண்டே கழுவும் முறை இருக்கிறது. செலவை யூனிட் விலையில் ஏற்றி ஏழையின் தலையில் வைப்பார்கள் என்ற பயமும் நியாயமானதுதான். யார் தலையில் செலவு என்பதற்காகப் போராடலாம். செலவே வேண்டாம் என்றால், அந்தச் செலவை ஆஸ்பத்திரியில் நம் ஜனங்கள் கட்டுகிறார்கள்; அது எந்த மின் கட்டண ரசீதிலும் வராது.

கோல் பிளாண்ட்த் தோழரே, உங்கள் கேள்விக்கு வருகிறோம். பெல்ட் பக்கத்துக் கமறலுக்குக் கரித் தூசியும் ஒரு காரணம். அதற்குத் தண்ணீர் தெளிப்பும் முகமூடியும் கேட்க வேண்டும், அது தனிப் போராட்டம். ஆனால் மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்று நீங்கள் கண்டது சரியாகவே இருக்கலாம். கரி மாறுகிறது. ஆய்வுக் கூடத்தில் சாம்பல், ஈரம், வெப்பம் இவற்றை அன்றாடம் பார்க்கிறார்கள். விலை அதில் இருக்கிறது. கந்தகத்தையும் அப்படி அன்றாடம் பார்ப்பது எல்லா இடத்திலும் வழக்கம் இல்லை. வந்த கரி எது, அதில் கந்தகம் எவ்வளவு என்பதை வாரம் ஒரு முறை வாசல் பலகையில் எழுது என்று சங்கம் கேட்கலாம். அதற்கு யந்திரமும் வேண்டாம், கோடியும் வேண்டாம், சாக்பீஸ் போதும். நாளைக்கு ஏதாவது ஒரு கரியை நிறுத்தி வேறு கரி வாங்குவதாக முடிவு வந்தால், அந்தச் சுரங்கத்துத் தோழர்களின் சங்கத்துக்கு அன்றைக்கே கடிதம் எழுதுங்கள். பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை அவர்களுக்கு வரக் கூடாது.

அடுத்த வகுப்புக்கு வரும்போது, இந்த மாதம் உங்கள் நிலையத்துக்கு வந்த கரி எந்தச் சுரங்கம், எந்தத் துறைமுகம், எத்தனை டன் என்று இரண்டு தோழர்கள் விசாரித்துக் குறித்து வாருங்கள். இதே பலகையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.